கிணற்று மூலைத் தாள்

மூலைத் தாள் வியர்க்கவில்லை. வீரணன் பிளாஸ்டிக் நாற்காலியை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். வியர்க்கவில்லை. ஜன்னலோரத் தாள் விடிந்ததிலிருந்தே கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடி மாதிரி அடிப்பக்கம் துளித்துளியாகக் கோத்துக்கொண்டு கிடந்தது, நடுக்கூடத்துத் தாள் லேசாக ஆவி படிந்து மங்கியிருந்தது, ஆனால் எது வியர்க்க வேண்டுமோ அது, கிணற்று மூலையில் ஒட்டியது, கடையில் வாங்கி வந்தபோது இருந்த மாதிரியே பளிச்சென்று, அடியில் இருக்கும் காங்கிரீட்டின் பொடிக்கல் வரைக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது. இதில் ஏதோ நடந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் அந்த மதுரைக்காரன் ஜெரால்டு, பலகைத் தரை ஒட்டுகிறவன், மூன்று பிளாஸ்டிக் தாளையும் தரையோடு வைத்து நாலு பக்கமும் டேப் போட்டுக் கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டும்போது வீரணன் பக்கத்திலேயே நின்றார். ‘காங்கிரீட்டு மேலால பாத்தா காஞ்ச மாதிரித்தான் இருக்கும் ஐயா. உள்ள இருக்கிற ஈரம் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது. இப்பிடி மூடி வச்சா மாட்டிக்கும்’ என்றான். மாட்டிக்கும் என்ற சொல் வீரணனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. படுக்கையில் புரண்டு புரண்டு அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் மொசைக் தரைக்கு அடியில் ஒளிந்து கிடந்தது விடிந்தால் மாட்டிக்கும். விடிந்தது. மாட்டவில்லை.

எல்லாம் மருமகள் பவானியின் குதிகாலால் வந்தது. மகன் தெய்வேந்திரன் அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் எந்த டாக்டரிடமோ காட்ட, அவர் சில்லென்ற தரையில் நிற்காதீர்கள் என்று சொல்ல, இவன் அதைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்கப் பலகை ஒட்டப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் ஆகாதா? குதிகால் வலிக்குத் தரையையே பேர்க்கிற வைத்தியம் எந்த ஊரில் இருக்கிறது? அவளுக்குத் தரை கழுவ அலுப்பு, பலகை என்றால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அதுதான் குதிகாலாக வந்து வலிக்கிறது என்று வீரணனுக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. பழைய மொசைக்கைப் பெயர்த்துப் போட்டபோதும் திறக்கவில்லை. பலகைக் கட்டுகள் வந்து இறங்கி, உறையைக் கிழித்துச் சுவரோரம் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இந்த வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று ஜெரால்டு சொன்னபோதும் சிரித்துக்கொண்டாரே ஒழியத் திறக்கவில்லை. மரத்துக்கு வீடு பழக வேண்டுமாம். அவர் பெண்டாட்டி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளைப் பழக யார் விட்டார்கள், வந்த அன்றைக்கே அடுப்படியில் அல்லவா தள்ளினார்கள். பக்கத்தில் தரையில் இருந்த சொம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். சீரகத் தண்ணீர். வழக்கம் போல இரண்டு சீரகம் நாக்கோடு வந்தது, ஒன்று பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. வடிகட்டிக் கொடு என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. வடிகட்டத் தெரியாதவளா? டீயை வடிகட்டுகிறாள், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் எடுத்தால் வடிகட்டுகிறாள், மாமனார் குடிக்கிற தண்ணீர் மட்டும் தப்பிவிடுகிறது.

வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. பலகை ஒட்டுவதென்றால் தரையில் ஈரம் இருக்கக் கூடாது, முதலில் அதைப் பார்த்துத்தான் மற்றது என்று ஜெரால்டு சொன்னதும் வீரணனின் மனசு கூடத்தின் வடகிழக்கு மூலைக்குப் போய் நின்றுவிட்டது. கூடம் எழும்புவதற்கு முன் அங்கேதான் கிணறு இருந்தது. பாகம் பிரித்தபோது ரோட்டுப் பக்கம் கடையோடு தம்பி சுருளியப்பனுக்கு, கிணற்றுப் பக்கம் இவருக்கு என்று மாமன்மார் உட்கார்ந்து பேசி, கிணற்றை மூடிச் சமன் செய்து கொடுக்க வேண்டியது சுருளியப்பன் பொறுப்பு என்று முடித்தார்கள். இவர் லாரியில் வாழைக்காய் லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் போனார். மழை, குமுளி ரோட்டில் மண் சரிந்து வண்டி நின்று, திரும்பி வருவதற்குள் கிணறு இல்லை. இருந்த இடம் தெரியாமல் மட்டமாகக் கிடந்தது. அவ்வளவு சீக்கிரம் எப்படி மூடுவான்? ‘கருங்கல் சக்கை, சரளை, ஆத்து மணல். அடுக்கடுக்காப் போட்டுத் தண்ணி விட்டுத் திமுசு வச்சு இடிச்சேண்ணே’ என்று கையில் இருந்த கொப்புளத்தைக் காட்டினான். கொப்புளம் காட்டினால் ஆயிற்றா? கொப்புளம் எதில் வேண்டுமானாலும் வரும். அப்போது வாழைத் தோப்பு அறுப்பு, ஊர் பூராவும் வாழைத்தண்டும் சருகும் குவிந்து கிடந்தன. வாரிக் கொண்டுவந்து உள்ளே தள்ளி, மேலே ரெண்டு வண்டி மண்ணைப் பரப்பியிருப்பான். தண்டு அழுகும், ஊறும், ஊற்றுக்கண் அடியில் அப்படியே இருக்கும். பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று மாமன்மார் கேட்டார்கள். பார்க்கவிடாமல் செய்ததுதானே அவன் சாமர்த்தியம். அப்புறம் சுருளியப்பன் மகள் கல்யாணத்தில் பந்தியில் இவருக்குப் போட்டது நுனி கிழிந்த இலை, சாம்பார் ஓடி மடியில் விழுந்தது, அத்தனை பேரில் அந்த இலை ஏன் இவர் முன்னால் வந்து விழ வேண்டும்? அம்மா செத்தபோது கொள்ளி வைக்கிற இடத்தில் ஒரு வார்த்தை பேசினான், ‘கால் வழுக்கும், பாத்துண்ணே’ என்று. அதற்கு என்ன அர்த்தம்? எந்த வழுக்கலைச் சொன்னான்? அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவன் ரோட்டில் எதிரே வந்தால் இவர் மருந்துக்கடைக்குள் நுழைந்துவிடுவார், தேவையில்லாமல் தைலம் வாங்கி வாங்கி வீட்டில் அலமாரி நிறைந்து கிடக்கிறது.

தெய்வேந்திரனுக்கு இதெல்லாம் கேலி. ‘கெணத்தை அவரு அன்னைக்கே மூடிட்டாருப்பா. நீங்கதான் இன்னும் மூடல’ என்று பவானி முன்னாலேயே சொன்னான், அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். ‘இத்தன வருசத்துல அந்த மூலை ஒரு விரக்கடை எறங்கியிருக்கா? ஒரு கீறல் விட்டிருக்கா?’ இறங்கும். அவசரப்படுகிறவனுக்குத்தான் இறங்காத மாதிரி தெரியும். இன்றைக்கு அந்த மூலைத் தாள் மட்டும் வியர்த்துவிட்டால் இந்தப் பயல் வாயடைத்து நிற்பான், ஜெரால்டு வெளியூர்க்காரன், அவனுக்கு யார் மேலும் கோபமும் இல்லை பாசமும் இல்லை, அவன் வாயாலேயே இங்கே சரியாக நிரப்பவில்லை என்று வந்துவிடும், ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றும், மாமன்மாரில் உயிரோடு இருக்கிற ஒருத்தர் காதுக்காவது போகும். வியர்க்கவில்லை என்றால்? வியர்க்கவில்லை என்றால் என்று அந்த நினைப்பு அங்கேயே நின்றது, அதற்கு அப்பால் கிணறு மாதிரி இருந்தது, எட்டிப் பார்க்காமல் வீரணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஏன் இப்படி ஊற்றுகிறது? அந்தப் பக்கம் முதலில் திறந்த முற்றமாகக் கிடந்தது, கூடத்தைப் பெரிதாக்க இவரே உயர்த்தி எடுத்த இடம், கண்மாய் தூர்வாரியபோது சும்மா கிடைத்த கரம்பை மண்ணை இவர் லாரியிலேயே அடித்துப் போட்டது. கரம்பை நல்ல மண். வயலில் போட்டால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது. அதில் கோளாறு வர வழியில்லை. அப்படியானால் தண்ணீர் கிணற்றிலிருந்து கிளம்பி அடியோடு அடியாகப் போய் அங்கே ஏறுகிறது. அதுதான் சங்கதி. தண்ணீருக்கு என்ன, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே போகும். ஆனால் கிணற்றை விட்டு எழும்பும்போது கிணற்று மூலையைத் தொடாமல் எப்படிப் போகும்? யாரோ கை வைத்திருக்கிறார்கள். மகன் ராத்திரி எழுந்து வந்து ஃபேன் போட்டிருப்பானோ? காற்றுப் படக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, நடக்கக் கூடாது என்று ஜெரால்டு அத்தனை கண்டிப்பாகச் சொன்னானே. கண்டிப்பாகச் சொல்கிறவன் மேலும் ஒரு கண் இருக்க வேண்டும். ஈரம் என்றால் அவனுக்கு வேலை தட்டிப்போகும், காய்ந்திருக்கிறது என்று வந்தால்தானே பலகை இறங்கும்? பின்னே ஜன்னல் பக்கத்தை ஏன் ஊற விட்டான்? வீரணன் எழுந்து போய் மூலைத் தாளின் டேப்பை ஓரமாகக் குனிந்து பார்த்தார். எங்கேயும் தூக்கவில்லை. ஒட்டின மாதிரியே இருந்தது. அப்படி ஒட்டின மாதிரியே இருப்பதுதான் இன்னும் சரியில்லை.

திரும்பி வந்து உட்காரும்போது அடுப்படியில் பவானி புருஷனோடு போனில் பேசுவது கேட்டது. குக்கர் சத்தத்துக்கு மேலே பேசுவதால் ஒளிவு இல்லாமல் கேட்டது. ‘பஸ் ஸ்டாண்டுல ஜெரால்டக் கூப்பிட்டுக்கிட்டு அப்பிடியே சின்ன மாமாவையும் வண்டியில ஏத்திக்கிட்டு வர்றீங்களா? சரி. இல்ல, அவருக்குத் தெரியாது. கூடத்துலதான் ஒக்காந்திருக்காரு, தாளுக்குக் காவலு.’ சிரிப்பு. ‘வந்தா என்ன, கடிச்சா வச்சிருவாரு? எதைப் போட்டு மூடுனாருன்னு மூடுன ஆளத்தான கேக்கணும்.’ சின்ன மாமா. இவளுக்குச் சுருளியப்பன் எப்போது சின்ன மாமா ஆனான்? அப்படியானால் இவர்கள் போகிறார்கள், வருகிறார்கள், அவன் வீட்டில் காப்பி குடிக்கிறார்கள், இவர் மருந்துக்கடையில் தைலம் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் முதுகுக்குப் பின்னால் எல்லாம் நடந்திருக்கிறது. இப்போது அவன் இந்தக் கூடத்துக்குள் வரப் போகிறான். வந்து நிற்பான். மூலையைப் பார்ப்பான். காய்ந்து கிடக்கும். பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான் அவன் வழக்கம், ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் வேட்டியில் துடைத்துக்கொள்வான், அந்தக் கொப்புளம் இருந்த கையை. தெய்வேந்திரன் இவரைப் பார்ப்பான். ஜெரால்டுகூடப் பார்ப்பான். வாழைத்தண்டு என்று இத்தனை வருஷம் யார் யாரிடம் சொல்லியிருக்கிறார், டீக்கடையில், லாரி ஷெட்டில், கேபினில், செத்துப்போன பெண்டாட்டியிடம், அவள்கூட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘போட்டது சரளையாவே இருந்துட்டா?’ என்று கேட்டாள், அன்றைக்கு இவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வாசலில் வண்டிச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. தண்ணி வண்டி. போய்விட்டது. நாக்கு பல்லிடுக்கில் இருந்த சீரகத்தை நெம்பிக்கொண்டே இருந்தது, அது வருவதாக இல்லை.

அப்புறம் நடந்ததை அவர் செய்தார் என்று சொல்ல முடியாது. எழுந்தார், அது தெரியும். சொம்பு கையில் இருந்தது, எதற்கு எடுத்தோம் என்று யோசித்தபடியே போனார். முட்டி போட்டு உட்கார்ந்தபோது முட்டிக்கு அடியில் காங்கிரீட் உடம்பின் சூட்டுக்கு இதமாகக்கூட இருந்தது. டேப்பின் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினார். அது பர்ரென்று போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது, அடுப்படி வரைக்கும் போயிருக்கும், குக்கர் நல்லவேளையாக அந்த நேரத்தில் கத்தியது. உள்ளே கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். மாவு மாதிரி தூசி விரலில் ஒட்டியது. காய்ந்த தூசி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது அவருக்கு, அந்தத் தூசியின் திமிர். தூசியாக வந்து தம்பி இங்கேயும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தாளுக்கு அடியில் தெளித்தார், போதாத மாதிரி இருந்தது, இன்னும் ஒரு கை. பொய் இல்லை இது. அடியில் இருக்கிற ஈரம்தானே, ஏதோ காரணத்தால் மேலே வரத் தாமதமாகிறது, வர வேண்டியதை நாம் கொஞ்சம் முன்னால் கூப்பிடுகிறோம். டேப்பை அழுத்தினார். ஈரம் பட்ட இடத்தில் அது ஒட்ட மாட்டேன் என்றது. தூசியில் தேய்த்து, கட்டைவிரலால் நீவி நீவி, ஜெரால்டு நீவின மாதிரியே நீவி அழுத்தினார். ஒரு மாதிரி நின்றது. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது, முட்டியில் வெள்ளையாக வட்டம் விழுந்திருந்தது, அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

முதலில் மகன், பின்னால் பையைத் தோளில் மாட்டிய ஜெரால்டு, அதற்குப் பின்னால் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நின்ற சுருளியப்பன். இளைத்திருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. இதுவும் ஒரு வேஷமாக இருக்கலாம். ‘நல்லா இருக்கீங்களாண்ணே?’ என்றான். வீரணன் ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அது ஜன்னலுக்குச் சொன்ன பதில். ஜெரால்டு நேராக ஜன்னலோரம் போய் உட்கார்ந்து தாளை உரித்துத் தூக்கினான், அடிப்பக்கத்திலிருந்து துளிகள் ஓடிச் சொட்டின, தாள் இருந்த இடம் மட்டும் சதுரமாக, எண்ணெய் பட்ட மாதிரி கறுத்துக் கிடந்தது. ‘அம்மாடி’ என்றான். ‘இது மேல பசை போட்டா ஒரு மழக்காலம் தாங்காது சார். பசை குழைஞ்சிரும், பலகை ஓரம் தூக்கி அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும். இந்தப் பக்கம் என்ன மண்ணு ஐயா போட்டீங்க?’

‘கரம்பை. நல்ல மண்ணு. நீ மொதல்ல மூலையப் பாரு.’

‘கரம்பையா?’ என்றான் ஜெரால்டு. தெய்வேந்திரன் அப்பாவைப் பார்த்தான். ‘அது கண்மாயவே வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்ச மாதிரில்ல ஐயா.’

‘மூலையப் பாருங்கிறேன்.’

ஜெரால்டு எழுந்திருப்பதற்குள், மூலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுருளியப்பன், ‘எங்க, நான் பாக்குறேன்’ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினான். முட்டி சொடுக்கியது. டேப் அவன் கை பட்டதும் சத்தமே இல்லாமல் கழன்றுகொண்டது. வீரணன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாள் தூக்கியது. அடியில் தரையில் தண்ணீர் சின்னச் சின்னத் திட்டாக, தெளித்த கையின் வீச்சு அப்படியே தெரிகிற மாதிரி சிதறிக் கிடந்தது, ஒரு திட்டின் நடுவில் பழுப்பாக, ஒல்லியாக, ஒரு சீரகம். இங்கிருந்தே தெரிந்தது. இந்தக் கண்ணாடியில் பேப்பரின் பெரிய எழுத்துகூடத் தெரியாது, சீரகம் தெரிந்தது. சுருளியப்பன் அதைப் பார்த்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த சொம்பைப் பார்த்தான். வீரணனின் முட்டியைப் பார்த்தான். அப்புறம் சர்க்கரையின் கடைசித் துணுக்கைத் தட்டிலிருந்து எடுப்பது போல ஆள்காட்டி விரல் நுனியால் அந்தச் சீரகத்தை ஒற்றியெடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

‘என்ன இது’ என்று ஜெரால்டு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். ‘தாளுல துளியக் காணோம், தரையில மட்டும் நிக்குது? ஊறி வந்தா இப்பிடி வராதே.’

‘ஈரம் எங்க நின்னா என்ன தம்பி, ஈரம் ஈரந்தான்.’ சுருளியப்பன் உள்ளங்கையால் அந்தத் திட்டுகளைத் தேய்த்து ஒன்றாக்கினான். ‘அன்னைக்கு அவசரத்துல நான் சரியா மூடல போல. அண்ணன் சொன்னது நெசந்தான்.’

‘சரளை போட்டுத் திமுசு வச்சு இடிச்சேன்னு வண்டியில வரும்போதுகூடச் சொன்னீங்களே சித்தப்பா?’

‘சொன்னேன். பத்தல போல.’ எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அப்படியானால் கூடம் பூராவும் ஈரம் ஏறாத பூச்சு இரண்டு கை அடித்து, காயவிட்டு, மறுபடி தாள் ஒட்டிப் பார்த்துத்தான் பசையைத் தொட வேண்டும் என்று ஜெரால்டு தெய்வேந்திரனிடம் விளக்கிக்கொண்டிருந்தான். வீரணன் காதில் அது விழவில்லை. அண்ணன் சொன்னது நெசந்தான். இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம். மகன் முன்னால், அசலூர்க்காரன் முன்னால், அவன் வாயாலேயே வந்துவிட்டது. ஆனால் ஏன் சொன்னான்? எதை எடுத்துக்கொள்ள இதைக் கொடுக்கிறான்? சீரகத்தை எடுத்துக் காட்டியிருந்தால் அத்தோடு இவர் கதை முடிந்திருக்கும், காட்டவில்லை, தின்றுவிட்டான். பத்திரப்படுத்தியிருக்கிறான். நாளைக்கு எப்போதாவது வெளியே எடுப்பான். தின்றதை எப்படி எடுப்பான்? எடுக்க மாட்டான், அதுதான் இன்னும் மோசம், எடுக்காமலே வைத்திருப்பான், கொப்புளத்தை வைத்திருந்த மாதிரி, இலையைப் போட்ட மாதிரி. ‘பாத்துண்ணே’ என்று அன்றைக்குச் சொன்னானே, அது வெறும் வழுக்கலைத்தான் சொன்னானோ? அன்றைக்கு மழை பெய்திருந்தது. சுடுகாட்டுப் படியில் பாசி இருந்தது. இல்லை, இல்லை.

‘அண்ணே, கொஞ்சம் அந்தத் தண்ணிய எடுங்க. வெயில்ல வந்தது’ என்றான் சுருளியப்பன்.

வீரணனின் கை சொம்பை எடுத்து நீட்டியது. அவன் அண்ணாந்து ஊற்றிக் குடித்தான், தொண்டைக் குமிழ் ஏறி ஏறி இறங்கியது. குடித்து முடித்து நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான். ‘வடிகட்ட மாட்டியாத்தா? பல்லுல மாட்டுது.’

‘பெரியவருக்கும் அதேதான் கொறை சின்ன மாமா’ என்று உள்ளேயிருந்து பவானி சிரித்தாள். ‘இருங்க, காப்பி போட்டுட்டேன்.’

எல்லோரும் அடுப்படிப் பக்கம் நகர்ந்தார்கள். நீங்களும் வாங்கப்பா என்றான் மகன். வருகிறேன் என்றார், வரவில்லை. ஜெரால்டு போகிற போக்கில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போயிருந்தான், காற்று வந்தது. மூலையில் சுருளியப்பன் தேய்த்துவிட்ட ஈரம் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை அகலம் சுருங்கியது. ஜன்னல் பக்கம் கறுத்த சதுரம் கறுத்தபடியே கிடந்தது, அது காய்கிற வழியாக இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள், வந்தால் இங்கே ஒன்றும் இருக்காது. வீரணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த ஈரத்தின் மேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மறைத்துக்கொண்டார். பாதத்துக்கு அடியில் தரை கெட்டியாக இருந்தது, அடுக்கடுக்காகச் சரளை போட்டு இடித்த இடம் எப்படி இருக்குமோ அப்படி. குதிகாலால் ஒரு தடவை இடித்துப் பார்த்தார். அடியில் காலி இல்லை. மறுபடியும் இடித்துப் பார்த்தார். அடுப்படியில் அவன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு, மூன்றாம் தடவையாக இடித்தார்.